டிஸ்க் கெட்டுவிட்டதா, கேசிங் உளறுகிறதா?

பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம், யூஎஸ்பி டிரைவர், அதாவது யூஎஸ்பி சாதனங்களோடு கணினி பேச உதவும் மென்பொருள், எழுதுவது என் வேலை. "அண்ணே, ஹார்ட்டிஸ்க் போச்சு, ஃபார்மேட் பண்ணிடவா?" என்று யாராவது கேட்டால், எந்தக் கேசிங்கில் (டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்ட உதவும் பெட்டி) போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் விசாரிப்பேன். அந்தக் கேசிங்குக்குள், டிஸ்க்குக்கும் கணினிக்கும் நடுவில், ஒன்றின் மொழியை மற்றதற்கு மாற்றிச் சொல்லும் ஒரு பிரிட்ஜ் சிப் இருக்கிறது. பல நேரம் உளறுவது அதுதான்.

ஓர் உதாரணம். டிஸ்க்கின் கொள்ளளவைக் கேட்கும் 'ரீட் கெப்பாசிட்டி' கட்டளைக்குக் கடைசி பிளாக்கின் (தரவைப் பிரித்து வைக்கும் துண்டு) எண்ணைப் பதிலாகத் தர வேண்டும் என்பது விதி. எண்கள் பூஜ்யத்தில் தொடங்குவதால், 1,000 பிளாக் இருந்தால் பதில் 999. சில சிப்கள் 1,000 என்றே சொல்லிவிடும். டிரைவர் அதை நம்பி 1,001 பிளாக் என்று கணக்குப் போடும். இல்லாத அந்த ஒரு பிளாக்கைப் படிக்கப் போனால் பிழை வரும். அதுகூடப் பரவாயில்லை, சில சிப்கள் அப்படியே உறைந்துபோகும். கழற்றி மறுபடி செருகினால்தான் உயிர் வரும். இதற்காக லினக்ஸில் ஒரு குறுக்குவழி உண்டு: சந்தேகத்துக்குரிய சாதனங்களில் மொத்தம் ஒற்றைப்படையாக வந்தால் ஒன்றைக் குறைத்துக்கொள்! வெறும் ஊகம்தான், ஆனாலும் வேலை செய்கிறது.

இப்படி விதி மீறும் சாதனங்களுக்கென்றே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 'அன்யூஷுவல் டெவ்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வென்டர் (தயாரிப்பாளர்) எண், பொருள் எண், ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பு, அப்புறம் எதைத் தவிர்க்க வேண்டும் என்ற குறிப்பு. இதில் சேர்ப்பவர்கள் எந்தப் பதிப்பு முதல் எந்தப் பதிப்பு வரை என்ற வரம்பைக் குறுகலாக வைப்பது நல்லது. சோம்பலில் எல்லாப் பதிப்பையும் அடைத்துவிட்டால், பின்னால் சரியாக வந்த சிப்பும் தண்டனை அனுபவிக்கும்.

பல தயாரிப்பாளர்களுக்கு விண்டோஸில் ஓடினாலே பரிசோதனை முடிந்தது. விண்டோஸ் அனுப்பாத கட்டளையை அனுப்பினால் சிப் திணறும். சாதனத்திடம் 'நீ யார்' என்று கேட்கும் 'இன்குவைரி' கட்டளையில் 36 பைட்டுக்கு மேல் கேட்டாலே மயங்கி விழுந்த சாதனங்கள் உண்டு. அதனால்தான் லினக்ஸ் முதலில் 36 மட்டுமே கேட்கிறது.

ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில், கேசிங்கில் போட்ட எஸ்எஸ்டி அடிக்கடி ரீசெட் ஆகிறதா? மின்சாரம் போதுமா என்று பாருங்கள். போதுமென்றால், யூஎஸ்பியில் தரவை வேகமாக அனுப்பும் 'யூஏஎஸ்' முறையை அந்தக் கேசிங்குக்கு மட்டும் நிறுத்திப் பாருங்கள். வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி கணினிக்குள் டிஸ்க்கை இணைக்கும் ஸாட்டா வயரில் நேராக மாட்டிப் பார்க்கலாம். ஆனால் சில கேசிங்கள் தாமே என்கிரிப்ட் செய்பவை, அதாவது தரவை ரகசியக் குறியீடாக மாற்றி எழுதுபவை. நேராக மாட்டினால் டிஸ்க் காலி போலத் தெரியும். அதைப் பார்த்து ஃபார்மேட் அடித்துவிடாதீர்கள்.