சொன்னாலே செயலாகிவிடும் வினைச்சொல்: ‘டிக்ளேர்’

1941 டிசம்பர் 8. முந்தைய நாள்தான் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் குண்டு வீசியிருந்தது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் முன் நின்று உரையாற்றினார். அந்த உரையில் எந்த இடத்திலும் அவர் ‘போரை டிக்ளேர் செய்கிறேன்’ என்று சொல்லவில்லை. காங்கிரஸ் அதை டிக்ளேர் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அமெரிக்க அரசியல் சாசனம் அந்த அதிகாரத்தைக் காங்கிரஸிடம்தான் கொடுத்திருக்கிறது. அதே நாளில் தீர்மானம் நிறைவேறியது. போர்நிலை ‘இதன்மூலம் முறைப்படி அறிவிக்கப்படுகிறது’ என்றது அதன் வாசகம்.

டிக்ளேர் என்றால் ‘வெளிப்படையாக அறிவி’ என்று அகராதி சொல்லும். தப்பில்லை, ஆனால் பாதிதான். மீதியை விளக்கியவர் ஜே. எல். ஆஸ்டின் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர். 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் அவர் எளிமையான ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ‘மழை பெய்கிறது’ என்றால் உண்மையா பொய்யா என்று கேட்கலாம். தலைவர் எழுந்து ‘கூட்டம் தொடங்கியதாக அறிவிக்கிறேன்’ என்றால் அப்படிக் கேட்க முடியாது. அவர் எதையும் வர்ணிக்கவில்லை. சொன்னதுதான் செயல், கூட்டம் தொடங்கிவிட்டது.

இந்த வேலை நடக்க ஆங்கில இலக்கணமும் ஒத்துழைக்க வேண்டும். வழக்கமான வடிவம் தன்மை ஒருமை, சாதாரண நிகழ்காலம்: ‘ஐ டிக்ளேர்’. ‘ஷி டிக்ளேர்டு’ என்று மாற்றினால் வெறும் செய்தி. ‘ஐ ஆம் டிக்ளேரிங்’ என்றாலும் அந்த வலு போய்விடும். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வினைக்கு முன்னால் ‘ஹியர்பை’ என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள்; ‘இதன்மூலம்’ என்று பொருள். ‘ஐ ஹியர்பை டிக்ளேர்’ இயல்பாக இருக்கும். ‘ஐ ஹியர்பை ரன்’ என்றால் அபத்தம், ஏனென்றால் சொன்னதால் யாரும் ஓடிவிட முடியாது.

சரி, யார் சொன்னாலும் நடக்குமா? நடக்காது. கிரிக்கெட்டைப் பாருங்கள். அணி எவ்வளவு ரன் எடுத்திருந்தாலும், பேட் செய்துகொண்டிருக்கும் அணியின் கேப்டன் மட்டுமே இன்னிங்ஸை டிக்ளேர் செய்யலாம். அதுவும் பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்தில்தான். எதிரணி கேப்டனுக்கும் நடுவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தபின் முடிவை மாற்ற முடியாது. விளையாட்டுச் சட்டத்தின் 15ஆம் விதி இது. சொல் செயலாக ஆஸ்டின் சொன்ன முக்கிய நிபந்தனைகள் இந்தச் சின்ன விதிக்குள் இருக்கின்றன: உரிய ஆள், உரிய நேரம், உரிய முறை. கேலரியில் உட்கார்ந்து நாம் எத்தனை முறை ‘டிக்ளேர்!’ என்று கத்தினாலும் இன்னிங்ஸ் முடியாது. நாம் சொன்னது பொய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது செல்லாது, அவ்வளவே.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி ‘வெளிப்படையாக’ என்ற நிபந்தனைதான். ஒரு விஷயம் எல்லோருக்கும் தனித்தனியாகத் தெரிந்திருப்பது வேறு. அது எல்லோருக்கும் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருப்பது வேறு. இரண்டாவதை ‘காமன் நாலெட்ஜ்’, அதாவது எல்லோருக்கும் பொதுவான அறிதல் என்கிறார்கள் ஆய்வாளர்கள். டேவிட் லூயிஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1969இல் இதை அலசினார். வெளிப்படையான அறிவிப்பு ஒரே வீச்சில் முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்குக் கொண்டுபோய்விடுகிறது. அதற்கப்புறம் யாரும் ‘எனக்குத் தெரியாதே’ என்று ஒதுங்க முடியாது.

அறிவித்தவரையும் அது கட்டிப்போடுகிறது. டாய்ச், ஜெரார்டு என்ற இரு உளவியலாளர்கள் 1955இல் வெளியிட்ட சோதனையில், பங்கேற்றவர்களிடம் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார்கள். மற்றவர்கள் தவறான விடை சொல்லும்போது கூடவே சாய்ந்துவிடுகிறார்களா என்று பார்த்தார்கள். தன் விடையை முன்பே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள், எதையும் எழுதாதவர்களைவிட மிகக் குறைவாகவே சாய்ந்தார்கள்.

வாயே திறக்காமலும் டிக்ளேர் செய்யலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையங்களில் சுங்கத்தின் பச்சை வழியில் நடந்தாலே, ‘அறிவிக்க வேண்டிய பொருள் என்னிடம் இல்லை’ என்று அறிவித்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்கிறது.

டிக்ளேருக்குப் பக்கத்துச் சொற்களும் உண்டு. ‘அனவுன்ஸ்’ புதுச் செய்தி சொல்ல. ‘புரொக்ளெய்ம்’ ஊரறிய முழங்க. ‘அவௌ’ என்பது கொஞ்சம் தனி ரகம்: தன் நம்பிக்கையையோ அன்பையோ நோக்கத்தையோ மறைக்காமல் ஒப்புக்கொள்வது. போரை டிக்ளேர் செய்யலாம், அவௌ செய்ய முடியாது. இன்னொருவர் இறந்துவிட்டதாக மருத்துவர் டிக்ளேர் செய்யலாம்; ஆனால் இன்னொருவரின் காதலை அவருக்குப் பதிலாக யாரும் அவௌ செய்ய முடியாது. அதற்கு வேண்டிய அதிகாரம் பதவியிலிருந்து வருவதில்லை, அந்த உணர்வு யாருடையதோ அவரிடம் மட்டுமே இருக்கிறது.