மிச்சக் காசில் வாங்குகிற பொருளா பவர் சப்ளை?

சர்வீஸுக்கு மறுபடியும் ஒன்று வந்திருக்கிறது. புத்தம் புது மெஷின், உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு, உயர்ரக ப்ராசசர், கண்ணாடிக் கேபினெட், உள்ளே கலர் கலராக விளக்கு. கேம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பொட்டென்று அணைந்துவிடுகிறதாம். "கார்டு ஃபால்ட்டு" என்று தீர்ப்பையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தால், பழைய கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி மாட்டிய பவர் சப்ளை, அதாவது சுவர் மின்சாரத்தை வாங்கி எல்லாப் பாகங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. கார்டுக்கு ஒரு குறையும் இல்லை.

முதல்முறை பெரிய கேமிங் பிசி கட்டுகிறவர்கள் கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றி மாதக்கணக்கில் படிக்கிறார்கள். ப்ராசசருக்கு ஒரு வாரம், கேபினெட் கலருக்கு இரண்டு நாள். பவர் சப்ளையை மட்டும் கடைசியில் கையில் மிஞ்சியதை வைத்து, டப்பாவில் "கோல்டு" என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கிவிடுகிறார்கள். இந்த "கோல்டு" விஷயத்தைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

80 பிளஸ் என்ற முத்திரையின் பிரான்ஸ், கோல்டு, பிளாட்டினம் தரங்கள் எல்லாம் அளப்பது ஒரே ஒரு விஷயத்தை: சுவரிலிருந்து இழுக்கிற மின்சாரத்தில் எத்தனை சதவீதம் உள்ளே பாகங்களுக்குப் போய்ச் சேருகிறது. அவ்வளவுதான். 115 வோல்ட் சோதனையில் பாதி லோடில், அதாவது அதன் முழு வாட்ஸில் பாதியை இழுக்கும்போது, 90 சதவீதமும், 20 சதவீத லோடிலும் முழு லோடிலும் 87 சதவீதமும் வந்தால் கோல்டு. பாதி லோடில் 85 வந்தால் பிரான்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பாகங்கள் 500 வாட்ஸ் கேட்கும்போது கோல்டு சுவரிலிருந்து ஏறத்தாழ 556 இழுக்கும், பிரான்ஸ் 588 இழுக்கும். வித்தியாசம் 32 வாட்ஸ். கரண்ட் பில்லிலும் உள்ளே கிளம்பும் சூட்டிலும் கொஞ்சம் தெரியும்.

மற்றதெல்லாம்? உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் எத்தனை வருஷம் தாங்கும் என்று அந்த முத்திரை சொல்லவில்லை. 12 வோல்ட் லைனில் எவ்வளவு சிற்றலை (வோல்டேஜ் ஏறி இறங்கும் நடுக்கம்) இருக்கிறது, ஷார்ட் ஆனால் உடனே கட் ஆகுமா, சூடு ஏறினால் தானாக நிற்குமா என்பதையும் சொல்லவில்லை. மைலேஜ் நன்றாகக் கொடுக்கிற வண்டிக்குப் பிரேக்கும் நன்றாகத்தான் இருக்கும் என்று நம்புகிற மாதிரிதான் இது. சுமாரான கோல்டும் உண்டு, உழைக்கிற பிரான்ஸும் உண்டு. வாங்கும் முன் அந்த மாடலைத் திறந்து லோடு போட்டுச் சோதித்த விமர்சனம் ஒன்றையாவது படியுங்கள். டப்பாவைத் திறந்து காட்டிவிட்டு "சூப்பர்" என்று முடிகிற வீடியோ அந்தக் கணக்கில் சேராது. ஓவர் வோல்டேஜ், ஓவர் கரண்ட், ஓவர் பவர், ஓவர் டெம்பரேச்சர், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்புகள் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாதம் எத்தனை வருஷம் என்றும் பாருங்கள். தன் சரக்கை நம்புகிற கம்பெனி இந்த ரகத்தில் பத்து வருஷம் கொடுக்கத் தயங்குவதில்லை.

அடுத்தது வாட்ஸ். "750 வாட்ஸ் சார், போதாதா?" என்று கேட்பார்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற லேபிளைப் படியுங்கள். அதில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்கு நேரே ஆம்பியர் இருக்கும். 12ஆல் பெருக்குங்கள். 45 ஆம்பியர் என்றால் 540 வாட்ஸ்தான். மேலே பெரிய எழுத்தில் 750 என்று அச்சடித்திருந்தாலும் ப்ராசசருக்கும் கார்டுக்கும் கிடைப்பது இந்த 540தான், ஏனென்றால் இரண்டும் தின்பது 12 வோல்ட்டை. ஒழுங்கான 850 வாட்ஸில் அந்த இடத்தில் 70 ஆம்பியர் இருக்கும்.

எத்தனை வாட்ஸ் வேண்டும் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை. ஆர்டிஎக்ஸ் 5080 கார்டு 360, ரைசன் 7 9800எக்ஸ்3டி ப்ராசசர் உச்சத்தில் 162, ஃபேன், பம்ப், எஸ்எஸ்டி, மதர்போர்டு எல்லாம் சேர்த்து ஒரு 100. மொத்தம் 622. இதற்கு 850 வாங்கினால் நிம்மதி. ஆர்டிஎக்ஸ் 5090 என்றால் கார்டு மட்டுமே 575. என்விடியா சொல்வது குறைந்தது 1000 வாட்ஸ். 253 வாட்ஸ் இழுக்கிற இன்டெல் ஐ9 பக்கத்தில் அதை வைக்கிறீர்களானால் 1200க்குப் போங்கள். 1600 எல்லாம் தேவையில்லை, அந்தக் காசை மானிட்டரில் போடுங்கள்.

ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 (பவர் சப்ளைக்கான புது விதிமுறை) என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் சட்டென்று தன் அளவைத் தாண்டி இழுக்கும். புது விதிப்படி பவர் சப்ளை 100 மைக்ரோ செகண்டுக்குத் தன் வாட்ஸைப் போல இரண்டு மடங்கு வரை தாக்குப்பிடிக்க வேண்டும். பழையது பயந்துபோய் அணைத்துவிடும். "கார்டு ஃபால்ட்டு" கேஸ்களில் பெரும்பங்கு இதுதான்.

இப்போது கேபிள். இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். மாடுலர், அதாவது கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய பவர் சப்ளையின் கேபிளை இன்னொரு பவர் சப்ளையில் மாட்டாதீர்கள். மாட்டவே மாட்டாதீர்கள். மதர்போர்டு பக்கமும் டிஸ்க் பக்கமும் இருக்கிற முனைக்குப் பொது விதி உண்டு. பவர் சப்ளை பக்கம் இருக்கிற முனைக்குக் கிடையாது. ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு வயர் வரிசையை வைத்திருக்கிறார்கள். "ஒரே கம்பெனிதானே" என்பதும் செல்லாது, அதே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே வரிசை மாறும். கச்சிதமாக உள்ளே போகும், கிளிக் என்று சத்தமும் வரும். சுவிட்சைப் போட்டதும் டிஸ்குக்குப் பவர் கொடுக்கிற சாட்டா கேபிளில் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்தால் எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்கும் அந்த நொடியே காலி. கார்டு போனால் கார்டு வாங்கலாம். டிஸ்கில் இருந்த குழந்தையின் போட்டோக்களுக்கு எங்கே போவது? பவர் சப்ளையை மாற்றினால் பழைய கேபிள் அத்தனையையும் உருவிவிட்டுப் புதிதாக ஓட்டுங்கள். பின்பக்கம் அழகாகக் கட்டி வைத்திருக்கிறேன், அவிழ்க்க மனசு வரவில்லை என்கிற காரணம் வேண்டாம்.

ப்ராசசருக்குப் போகிற 8 பின் வேறு, கார்டுக்குப் போகிற 8 பின் வேறு. முதலாவது 4+4 ஆகப் பிரியும், இரண்டாவது 6+2 ஆகப் பிரியும். இரண்டிலும் 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறி இருக்கும். போகவில்லை என்றால் கேபிள் தப்பு. அழுத்தாதீர்கள்.

புது கார்டுகளின் 16 பின் இணைப்பு தனிக் கதை. 600 வாட்ஸை 12 வோல்ட்டில் அனுப்ப 50 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட் சுமக்கிற ஆறு ஊசிக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 8.3 ஆம்பியர். ஊசி தாங்குகிற அளவே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பழைய 8 பின்னில் 150 வாட்ஸுக்கு மூன்று வயர், ஒன்றுக்கு 4.2 ஆம்பியர்; அரைகுறையாகச் செருகினாலும் பிழைத்துப்போகும். இங்கே பிழைக்காது. உருகி வருகிற இணைப்புகளில் ஓரத்து ஊசியைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, வீங்கி, கேபிளோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே, கார்டைக் கேபினெட்டில் மாட்டும் முன்பே மேசையில் வைத்து ஒருமுறை செருகிப் பழகுங்கள். சத்தத்தை நம்பாதீர்கள். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், நகம் நுழைகிற இடைவெளிகூட இருக்கக் கூடாது. முனையிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை கேபிள் நேராகப் போகட்டும், அதற்குப் பிறகு வளையட்டும். கண்ணாடிக் கதவு கேபிளை அமுக்கினால் அந்தக் கேபினெட் உங்கள் கார்டுக்கு ஆகாது. 12வி-2×6 என்ற திருத்தப்பட்ட 16 பின் வடிவத்தில் உணர் ஊசிகளை (கேபிள் செருகியிருக்கிறதா என்று கார்டுக்குச் சொல்கிற சின்ன ஊசிகள்) குட்டையாக்கியிருக்கிறார்கள், சரியாகச் செருகாவிட்டால் கார்டு பவரே எடுக்காது. நல்ல திருத்தம்தான். ஆனால் மாறியது சாக்கெட், கேபிள் முனை அல்ல. பழைய சாக்கெட் இருக்கிற கார்டுக்குப் புதுக் கேபிள் வாங்கிப் பயனில்லை. பவர் சப்ளையோடு வருகிற நேரடிக் கேபிளே நல்லது. 8 பின் கேபிள்களை 16 பின்னாக மாற்றுகிற அடாப்டர்தான் என்றால் அதன் ஒவ்வொரு வாலுக்கும் தனித்தனிக் கேபிள் கொடுங்கள். ஒரே கேபிளில் இரட்டைத் தலை தொங்குகிறதே என்று இரண்டையும் அதில் மாட்டி வைப்பது வேண்டாம்.

யூபிஎஸ் வைப்பவர்கள் விஏ என்பதை வாட்ஸ் என்று படிக்காதீர்கள். பவர் ஃபேக்டர் (விஏ-யில் எத்தனை பங்கு வாட்ஸாகக் கிடைக்கும் என்ற எண்) 0.6 உள்ள 1000 விஏ யூபிஎஸ் தருவது 600 வாட்ஸ். சைன் வேவ் உள்ளதாக வாங்குங்கள்.

மற்ற பாகங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 4கே மானிட்டர் என்றால் காசு கார்டுக்கு. 1080பி-யில் 240 ஹெர்ட்ஸ் துரத்துகிறவருக்கு ப்ராசசர் முக்கியம். கேமுக்கு மட்டும் என்றால் எட்டு கோர் போதும், பதினாறு கோர் சும்மா உட்கார்ந்திருக்கும். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை உயர்ரக ப்ராசசர் வாங்குகிறவர்கள் 2024 செப்டம்பருக்குப் பிந்தைய பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) ஏற்றிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். ஏஎம்டியின் ஏஎம்5 ஆனாலும் இன்டெல் ஆனாலும் ஊசி இப்போது சாக்கெட்டில்தான் இருக்கிறது. வளைந்தால் வாரன்டி கிடையாது, அங்கே விரல் வைக்காதீர்கள்.

ரேமில் நான்கு குச்சி போட்டால் நான்கு விளக்கு எரியும், வேகம் குறையும். ரைசன் 9000 வரிசையில் ஏஎம்டியின் அதிகாரபூர்வ வேகக் கணக்கு இரண்டு குச்சிக்கு 5600, நான்குக்கு 3600. 16 ஜிபி இரண்டு அல்லது 32 ஜிபி இரண்டு, டிடிஆர்5 ரகம், வேகம் 6000, தாமத அளவு சிஎல்30, ஒரே பேக்கில். ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி (ரேமை அதன் பேக்கில் எழுதியிருக்கிற வேகத்தில் ஓட்டுகிற அமைப்பு) ஆன் செய்யாவிட்டால் நீங்கள் காசு கொடுத்த வேகம் வராது.

மதர்போர்டு கையேட்டில் எம்.2 (எஸ்எஸ்டி செருகுகிற ஸ்லாட்) பக்கத்தைப் படியுங்கள். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2-வில் எஸ்எஸ்டி போட்டால் கார்டுக்குத் தரவு போகிற 16 பாதை (லேன்) 8 ஆகிவிடும். கேபினெட்டில் கார்டுக்கு 370 மில்லிமீட்டர் இடம் என்று போட்டிருப்பது பெரும்பாலும் முன்பக்கம் காலியாக இருக்கும் கணக்கு. அங்கே 27 மில்லிமீட்டர் தடிமனில் வாட்டர் கூலர் ரேடியேட்டரும் 25 மில்லிமீட்டர் ஃபேனும் வைத்தால் மிஞ்சுவது 318. உங்கள் கார்டு 340. ரேடியேட்டர் மேலே போகட்டும்.

எல்லாம் மாட்டி முதல்முறை சுவிட்ச் போட்டதும் திரை கறுப்பாகவே இருக்கும், போர்டில் டிராம் (ரேம்) விளக்கு எரியும். டிடிஆர்5 ரேம் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. பல நிமிடம் ஆகலாம். தயவுசெய்து பவர் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் அது முதலிலிருந்து தொடங்கும். கால் மணி நேரம் கழித்தும் ஒன்றும் வராவிட்டால் ஒரு குச்சியைக் கழற்றிவிட்டு இரண்டாவது ஸ்லாட்டில் ஒன்றை மட்டும் வைத்து முயலுங்கள். சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன், மானிட்டர் கேபிள் இருக்க வேண்டிய கார்டில் செருகியிருக்கிறதா, தவறி மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்று ஒருமுறை பின்னால் குனிந்து பார்த்துவிடுங்கள்.