கடற்கரையில் செயினைக் கழற்றும் முன்

திங்கட்கிழமை காலையில் என் கிளினிக்குக்கு வரும் நாய்களில் ஒன்றிரண்டு, முந்தின நாள் கடற்கரைக்குப் போய்வந்தவையாக இருக்கும். சென்னை எலியட்ஸ் கடற்கரை பக்கத்திலேயே இருப்பதால் கால்நடை மருத்துவராக இதைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். "நேத்து பீச்ல நல்லா விளையாடினான் டாக்டர், ராத்திரியிலிருந்து ஒரே வாந்தி" என்பார்கள்.

போன கோடையில் அப்படி வந்தது இரண்டு வயது லாப்ரடார் ஒன்று. அலைக்குள் பந்தை எறிவதும் அது நீந்திப்போய் எடுத்து வருவதுமாக ஒரு மணி நேரம் ஆட்டம். பந்தைக் கவ்வுகிற ஒவ்வொரு முறையும் ஒரு வாய் கடல்நீர் உள்ளே போகும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பு முதலில் உடம்பிலுள்ள தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும். ரத்தத்தில் சோடியம் மேலும் ஏறினால் மூளைச் செல்கள் நீரிழந்து சுருங்கும். நாய் தள்ளாடும், வலிப்பு வரும். இவன் வரும்போதே பின்னங்கால்கள் பின்னிக்கொண்டிருந்தன. இதில் அவசரப்பட்டும் வைத்தியம் பார்க்க முடியாது. ஏறிய சோடியத்தை வேகமாக இறக்கினால் மூளை வீங்கிவிடும். இரண்டு நாள், துளித்துளியாக டிரிப் ஏற்றிக் காப்பாற்றினோம்.

அந்த வீட்டுக்காரர்கள் கவனக்குறைவானவர்கள் இல்லை. கடல்நீர் நாய்க்கு விஷமாகும் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான். கையில் நல்ல தண்ணீரும் ஒரு கிண்ணமும் எடுத்துப்போங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தி, நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். கடலிலிருந்து வந்தபின் ஓரிரு முறை வாந்தி எடுத்தாலே கூப்பிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. புறங்கையை மணலில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள்; உங்களுக்குத் தாங்கவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் தாங்காது. பக் மாதிரி மூக்குச் சப்பையான நாய்களுக்கு நம் ஊர்ப் புழுக்கத்தில் மூச்சிரைத்து உடம்பைக் குளிர்விக்க முடியாது. அவற்றை விடிகாலையில் மட்டும் அழைத்துப்போங்கள்.

நான் அதிகம் பயப்படுவது மணலில் கிடக்கும் பொருள்களுக்குத்தான். மீனவர்கள் வலையை உதறும்போது, விலை போகாத மீன்கள் கரையிலேயே கிடக்கும். அதில் பேத்தை மீனும் இருக்கும், பந்துபோல் உப்புமே, அதுதான். குப்பத்துப் பிள்ளைகள்கூட அதைத் தொட்டால் கைகழுவச் சொல்வார்கள். அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் இருக்கும் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. அதைக் கடித்த நாய்க்கு முதலில் எச்சில் ஒழுகும், அப்புறம் கால்கள் தளரும், கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். செயற்கை சுவாசம் கொடுத்துக்கொண்டே நஞ்சு இறங்கக் காத்திருப்பதைத் தவிர எங்களால் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

இன்னொன்று தூண்டில் முள். நாயின் உதட்டிலோ பாதத்திலோ குத்தியிருந்தால் நீங்களே பிடுங்காதீர்கள். முள்ளின் கொக்கி பின்னோக்கி இருக்கும், இழுக்க இழுக்கச் சதை கிழியும். வாயிலிருந்து நைலான் நரம்பு மட்டும் தொங்கினால் அதை இழுக்கவும் வேண்டாம், ஒட்ட வெட்டவும் வேண்டாம். மறுமுனை குடலுக்குள் மாட்டியிருந்தால் அந்த நரம்பே குடலைக் கத்திபோல் அறுத்துவிடும். தொங்குவதைக் கழுத்துப்பட்டையில் தளர்வாகச் சுற்றி அப்படியே கொண்டுவாருங்கள்.

இவ்வளவு நேரம் நம் நாயை எப்படிக் காப்பது என்று சொன்னேன். அதே கரையில் நம் நாயிடமிருந்து காக்கப்பட வேண்டிய உயிர்களும் இருக்கின்றன. நாய் மேல் உயிரையே வைத்திருப்பவர்களும் இதை யோசிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இரவுகளில் பங்குனி ஆமைகள் நம் கரைக்கு முட்டையிட வருகின்றன. மணலில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடிவிட்டுத் திரும்பிவிடும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புலிக்கும் யானைக்கும் உள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு இதற்கும் உண்டு. ஆனால் ஒன்றரை அடி மணல் நாயின் மூக்குக்கும் நகத்துக்கும் ஒரு தடையே இல்லை. அவிழ்த்துவிடப்பட்ட நாய் ஒரு முட்டைக்குழியைச் சில நிமிடங்களில் காலி செய்துவிடும். அது நாயின் குற்றமில்லை. ஆனால் செயின் நம் கையில் இருக்கிறது.

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை அந்த மாதங்களில் இரவெல்லாம் நடந்து, முட்டைகளைப் பத்திரமான பொரிப்பகத்துக்கு மாற்றும் வேலையை 1988 முதல் எஸ்.எஸ்.டி.சி.என். என்ற கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் மாணவர்களும் இளைஞர்களும் செய்துவருகிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்கள் வைத்திருக்கிறது. அவர்கள் வருவதற்கு முன் நாய் வந்துவிட்டால் அத்தனை நடையும் வீண். அதனால் என்னிடம் வருபவர்களிடம் நேராகவே சொல்லிவிடுவேன்: ஆமைக்காலத்தில் இருட்டியபிறகு நாயைக் கடற்கரைக்குக் கொண்டுபோகாதீர்கள், பகலிலும் செயினைக் கழற்றாதீர்கள். அடையாறு முகத்துவாரத்துப் பக்கமும் அப்படித்தான். பனிக்காலத்தில் எத்தனையோ ஆயிரம் மைல் பறந்துவந்து இரை தேடும் உள்ளானையும் உப்புக்கொத்தியையும் நாய் துரத்துவது நமக்கு வேடிக்கை. அவற்றுக்கோ ஒவ்வொரு முறை எழும்பிப் பறப்பதும் சேர்த்துவைத்த சக்தியின் செலவு.

நாய் மலத்தை அள்ளிவிடுங்கள். அதிலுள்ள கொக்கிப்புழு முட்டை ஈரமணலில் பொரித்து, வெளிவரும் புழு வெறுங்காலோடு நடக்கும் குழந்தையின் தோலுக்குள் புகுந்து நெளியும். வருடம் முழுக்கத் தவறாமல் பூச்சி மருந்து கொடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. இழுவலைக்குள் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூழ்கிச் சாகும். அப்படி ஒதுங்கிய உடலை நாய் முகரவோ தின்னவோ விடாதீர்கள், அழுகல் கிருமி கடும் வயிற்றுநோயைக் கொடுக்கும். பகலில் ஆமை ஒன்று உயிரோடு சோர்ந்து ஒதுங்கிக் கிடந்தால், இரக்கப்பட்டுக் கடலுக்குள் தள்ளிவிடாதீர்கள். தலையைத் தூக்கி மூச்சுவிடத் தெம்பில்லாத ஆமை தண்ணீரில் மூழ்கிவிடும். நிழல் கொடுத்து, ஈரத்துணி போர்த்தி, மூக்கை மட்டும் மூடாமல், வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை கூட்டத்தையும் நாய்களையும் பத்தடி தள்ளி நிறுத்தினால் போதும்.