வீட்டைச் சூடாக்கும் ஃபர்னேஸை மாற்றும் முன் ஒப்பந்ததாரரின் லைசென்ஸ் எண்ணைப் பாருங்கள்

போன குளிர்காலத்தில் கலிபோர்னியாவின் சான் ஹோசேயிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் கூப்பிட்டது. பத்து நாளாக எழுந்திருக்கும்போதே எல்லோருக்கும் தலைவலி, வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றார்கள். "ஃபர்னேஸை அணைச்சிட்டு எல்லாரும் வெளியே வாங்க, 911-க்கு போன் போடுங்க" என்றேன். தீயணைப்புத் துறை வந்து, வீட்டில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருப்பதை உறுதி செய்து கேஸை மூடியது.

அதன் பிறகு நான் கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கில் ஏறினேன். ஒரு மாதம் முன்புதான் மாட்டிய கேஸ் ஃபர்னேஸ். புகைக்குழாய் இணைப்பில் ஒரு ஸ்க்ரூகூடப் போடவில்லை, குழாய் கழன்று கிடந்தது. பக்கத்திலேயே, அறைக் காற்றை ஃபர்னேஸுக்குத் திரும்பக் கொண்டுவரும் ரிட்டர்ன் டக்ட்டில் ஓட்டை. கூரைக்கு மேலே போக வேண்டிய புகையை அந்த ஓட்டை இழுத்துப் படுக்கையறைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பத்து வருடமாக ஹீட்டிங், ஏசி வேலை செய்கிறேன், அன்று கை நடுங்கியது.

மாட்டியவர் வாட்ஸ்அப் குழுவில் கிடைத்தவர். லைசென்ஸ் கேட்டதற்கு இபிஏ (மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) அட்டையைக் காட்டியிருக்கிறார். நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். அந்த இபிஏ 608 சான்றிதழ் ஏசியில் ஓடும் குளிரூட்டி வாயுவைக் கையாள மத்திய அரசு விதிப்படி வேண்டியது. ஒருமுறை தேர்வில் தேறினால் அது காலாவதி ஆகாது. கேஸ் குழாய், புகைக்குழாய், வயரிங் பற்றி அது எதுவும் சொல்லாது. ஒப்பந்த வேலை எடுக்கும் உரிமையும் தராது.

கலிபோர்னியாவில் அந்த உரிமையைத் தருவது மாநில ஒப்பந்ததாரர் உரிம வாரியம். வெப்பமூட்டல், ஏசி வேலைக்கான பிரிவு சி-20. கடந்த பத்து ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டு தொழில் அனுபவம் காட்ட வேண்டும். சட்டத்துக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று என இரண்டு தேர்வு. கைரேகைச் சோதனை, 25,000 டாலர் பாண்டு (ஒப்பந்ததாரர் விதியை மீறி நஷ்டம் வந்தால் ஈடு தரும் உறுதிப் பத்திரம்). 2023 முதல், ஆளே வைக்காமல் தனியாக வேலை செய்யும் சி-20 ஒப்பந்ததாரருக்கும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு கட்டாயம்.

"சின்ன வேலைக்கு லைசென்ஸ் வேண்டாமே?" என்பார்கள். கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலருக்குள் இருந்து, பெர்மிட் (உள்ளூர் கட்டட அனுமதி) தேவையில்லாமல், உதவிக்கு ஆள் வைக்காமல் செய்தால்தான் அந்த விலக்கு. ஃபர்னேஸ் மாற்ற பெர்மிட் வேண்டும், ஆகவே எவ்வளவு மலிவாகச் செய்தாலும் விலக்கு கிடையாது.

லைசென்ஸ் எண்ணைக் கொடுத்துவிட்டாரே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அடுத்தவர் எண்ணைக் காட்டி வேலை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வாரியத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் ஒரு நிமிடத்தில் எல்லாம் தெரியும்: பெயர் அவருடையதா, பிரிவு சி-20தானா, லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, காப்பீடு உண்டா. முன்பணமும் ஒரு அடையாளம். வீட்டைப் பழுதுபார்க்கும், மேம்படுத்தும் வேலைக்கு ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. இந்தக் குடும்பத்திடம் ஃபர்னேஸ் மாட்டியவர் பாதிப் பணத்தை முன்னாடியே வாங்கியிருந்தார்.

லைசென்ஸ் இல்லாதவருக்குக் கொடுத்த பணம் முழுவதையும் வழக்குப் போட்டுத் திரும்பப் பெற மாநிலச் சட்டத்தில் 7031-ஆம் பிரிவு வழி செய்கிறது. வேலை முடிந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், நான் எடுத்த அட்டிக் படங்கள் எல்லாவற்றையும் அந்தக் குடும்பத்தினர் தங்கள் வக்கீலிடம் கொடுத்திருக்கிறார்கள்.