செவியில் விழாத பாட்டு நினைவில் ஒலிப்பது எப்படி?

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியிலுள்ள ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் இசைக்குழு பாடியபோது, அங்கே திரண்டிருந்தவர்கள் ஏறத்தாழ 55,600 பேர். குழுவினர் மேடையில் இருந்தது அரை மணி நேரம்தான்; பாடியவை 12 பாடல்கள். அன்று பார்வையாளர் வரிசையில் இருந்த ரசிகர்கள் பின்னாளில் சொல்லிவைத்த நினைவுகளைச் சேர்த்துப் படித்தால், இரண்டு செய்திகள் மாறி மாறி வருவதைக் காணலாம். கூச்சலில் ஒன்றுமே கேட்கவில்லை என்பது ஒன்று. அந்தப் பாட்டுகள் இன்னமும் காதுக்குள் ஒலித்துக்கொண்டிருக்கின்றன என்பது மற்றொன்று. சில நேரங்களில் இரண்டையும் ஒருவரே சொல்வதும் உண்டு. முதல் பார்வைக்கு இது முரணாகப் பட்டாலும், செவியும் மூளையும் வேலை செய்யும் விதத்தை அறிந்தவர்களுக்கு இரண்டுமே உண்மையாக இருக்க முடியும் என்பது விளங்கும்.

முதலில் ஏன் கேட்கவில்லை என்று பார்ப்போம். மேடை, பேஸ்பால் ஆடும் திடலின் நடுவே போடப்பட்டிருந்தது. ரசிகர்கள் யாரும் திடலுக்குள் அனுமதிக்கப்படவில்லை. எல்லாரும் தொலைவிலிருந்த அடுக்குகளிலேயே அமர்ந்திருந்தார்கள். அந்தச் சுற்றுப்பயணத்துக்கென்றே வாக்ஸ் நிறுவனம் 100 வாட் ஆம்ப்ளிஃபயர்களைச் செய்து கொடுத்திருந்தது. அக்காலத்தில் அது பெரிய அளவுதான் என்றாலும், திறந்தவெளி அரங்கு ஒன்றின் கடைசி வரிசை வரை கிடார் ஒலியைக் கொண்டுசேர்க்க அது போதவே போதாது. பாடகர்களின் குரல், ஆட்டத்தின்போது அறிவிப்புச் செய்யப் பயன்படும் அரங்கின் ஒலிபெருக்கிகள் வழியாகவும் சென்றது. தாம் பாடுவது தமக்கே கேட்பதற்காகப் பாடகர்களை நோக்கி வைக்கப்படும் ஒலிபெருக்கிகள் அந்த நாள்களில் வழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை முன்னால் நிற்பவர்களின் உடலசைவைப் பார்த்தே கணித்து டிரம்ஸ் வாசித்ததாக ரிங்கோ ஸ்டார் பல முறை கூறியிருக்கிறார்.

ஒலியின் வலிமை குறைவு என்பது காரணத்தில் ஒரு பாதிதான். மனிதச் செவி ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களுக்கே மிகக் கூர்மையாக இருக்கிறது. இளம்பெண்கள் வீறிடும்போது எழும் ஒலியாற்றலில் பெரும்பங்கு இந்த எல்லையிலோ அதை ஒட்டியோ விழுகிறது. பாட்டின் சொற்களைப் பிரித்தறிய உதவும் மெய்யொலிகளின் கூர்மையும் கிடாரின் பளிச்சென்ற மேலொலிகளும் அதே எல்லையில்தான் இருக்கின்றன. உட்செவியின் நத்தைச்சுருள் சவ்வில் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. ஒரே இடத்தை வலிய ஒலியும் மெலிய ஒலியும் ஒரே நேரத்தில் அசைக்க முயன்றால், வலியதே அசைக்கும். மெலியது உணரப்படாமலே போய்விடும். ஷே அரங்கில் ஆயிரக்கணக்கான தொண்டைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதால், பாட்டு ஒலித்தும் பலரின் மூளைக்குப் போய்ச் சேரவில்லை.

வீறிடலுக்கு இன்னொரு தன்மையும் இருக்கிறது. 2015 ஆம் ஆண்டில் லுக் அர்னால், டேவிட் பொப்பெல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, மனிதர் வீறிடும்போது ஒலியின் வலிமை நொடிக்கு 30 முதல் 150 முறை வரை ஏறி இறங்குகிறது. இயல்பான பேச்சில் இந்த ஏற்ற இறக்கம் நொடிக்கு நான்கைந்து முறைதான். அந்த விரைவான ஏற்ற இறக்கமே வீறிடலுக்கு ஒரு கரடுமுரடைத் தருகிறது; அது மூளையில் அச்சத்தையும் கிளர்ச்சியையும் எடைபோடும் அமிக்டலா என்னும் பகுதியைத் தூண்டுகிறது. கிளர்ச்சி மிகுந்த வேளையில் சுரக்கும் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் அமிக்டலாவின் வழியாக, நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸின் செயலை வலுவாக்குகின்றன என்பதை ஜேம்ஸ் மெக்காவ் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து காட்டினார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: அன்று பாட்டை மறைத்த அதே கூச்சல், அந்த மாலையை ரசிகர்களின் மூளையில் ஆழப் பதிக்கவும் உதவியிருக்க வேண்டும். அதை வெறும் இடையூறு என்று எழுதிவிடுவது பொருத்தமாகாது.

அப்படியானால் காதுக்குள் ஒலிக்கும் அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? 1970 இல் ரிச்சர்ட் வாரன் செய்த எளிய சோதனை ஒன்று இதற்கு வழிகாட்டுகிறது. பதிவுசெய்த ஒரு வாக்கியத்தில் ஓர் ஒலியை முற்றிலும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இருமல் ஒலியை வைத்தார். கேட்டவர்களுக்குச் சொல் முழுமையாகவே கேட்டது; எந்த ஒலி இல்லை என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. நெரிசலான பேருந்து நிலையத்தில் நாம் போக வேண்டிய ஊரின் பெயரை ஒலிபெருக்கி அரைகுறையாகச் சொன்னாலும் நமக்கு முழுப்பெயராகக் கேட்பது இதனால்தான். இங்கே கவனிக்க வேண்டிய நிபந்தனை, விடுபட்ட ஒலியை மூடி மறைக்கும் அளவுக்கு அங்கே இரைச்சல் இருக்க வேண்டும் என்பது. வெறும் அமைதியை வைத்தால் இடைவெளி இடைவெளியாகவே தெரியும். இரைச்சல் இருந்தால், ஒலி அதன் பின்னால் தொடர்ந்துகொண்டுதான் இருக்கிறது என்று மூளை கொள்கிறது.

இசையில் பழக்கம் இதைவிடவும் தூரம் செல்கிறது. 2005 இல் டேவிட் கிரேமரும் சக ஆய்வாளர்களும் நன்கு தெரிந்த பாடல்களின் நடுவே சில நொடிகள் ஒலியை அறுத்துவிட்டு, கேட்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். பழகிய பாடலில் அமைதி விழுந்தபோதும், மூளையில் ஒலியை உணரும் பகுதியான செவிப்புலப் புறணி இயங்கிக்கொண்டிருந்தது. பாட்டு மனத்துக்குள் தொடர்ந்ததாகவே பங்கேற்றவர்களும் சொன்னார்கள். பழகாத பாடலில் அந்த அளவு இயக்கம் இல்லை. ஷே அரங்குக்கு வந்த பெரும்பாலானோர் அந்தப் பாடல்களை இசைத்தட்டில் தேயத் தேயக் கேட்டவர்கள். கூச்சலின் இடுக்கில் டிரம்ஸின் ஓர் அடியும் குரலின் ஒரு துணுக்கும் கசிந்தாலே போதும். மீதியை மூளை தன் கைவசம் இருந்த இசைத்தட்டுப் பதிவிலிருந்து நிரப்பிக்கொள்ளும். அவர்கள் கேட்டதாகச் சொல்வது பொய்யல்ல. அன்றே, அந்த இடத்திலேயே, அவர்களுக்கு அது கேட்டிருக்கிறது.

இதற்குப் பிறகு மூன்றாவதாக ஓர் ஒலி வந்து சேர்கிறது. ஷே நிகழ்ச்சி படமாக்கப்பட்டது. ஆனால் ஒலிப்பதிவு திருப்தியாக அமையவில்லை. ஆகவே 1966 ஜனவரி 5 அன்று பீட்டில்ஸ் லண்டனில் சி.டி.எஸ். ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்று, படத்துக்காகச் சில பகுதிகளைப் புதிதாகப் பாடியும் வாசித்தும் கொடுத்தார்கள். ரிங்கோ பாடிய ஒரு பாடலுக்கு, ஏற்கெனவே வெளிவந்திருந்த இசைத்தட்டின் பதிவே படத்தில் சேர்க்கப்பட்டது. அந்தப் படம் 1966 இல் பிரிட்டனிலும் 1967 இல் அமெரிக்காவிலும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. நேரில் போயிருந்த ஒருவர் பின்னர் அதைப் பார்த்தால், மைதானத்தில் கேட்டதும் வீட்டில் இசைத்தட்டில் கேட்டதும் திரையில் கேட்டதும் ஒரே நினைவாக இழைந்துவிடும். செய்தியை மூளை நன்றாக வைத்துக்கொள்ளும். அது எந்த வழியாக வந்தது என்ற முகவரியை மட்டும் விரைவில் தொலைத்துவிடும். உளவியலாளர் மார்சியா ஜான்சன் இந்த முகவரிக் குழப்பத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

கடைசிப் பாடலின்போது ஜான் லெனன் மின்னணு ஆர்கனை முழங்கையால் தேய்த்து வாசிக்கும் காட்சி அந்தப் படத்தில் புகழ்பெற்றது. தொலைவிலுள்ள மேலடுக்கில் அமர்ந்திருந்த ரசிகர் ஒருவர் லெனனின் நெற்றியில் வழிந்த வியர்வையையும் அந்த முழங்கையையும் நுணுக்கமாக விவரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தொலைநோக்கி கொண்டுபோகாதவராக இருந்தால், அவர் விவரிப்பது கேமரா கண்டதை. இருந்தும் அவர் அதைத் தம் கண்ணால் கண்டதாகவே உணர்வார், உறுதியாகவும் சொல்வார். நினைவின் தெளிவும் அதன் மீதுள்ள உறுதியும் அதன் சரித்தன்மைக்குச் சான்றாகா. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் குறித்த நினைவுகளை ஜெனிஃபர் டலாரிகோவும் டேவிட் ரூபினும் ஆராய்ந்தபோது, அவை சாதாரண நாளின் நினைவுகளைப் போலவே காலப்போக்கில் மாறிக்கொண்டு வந்தன. ஆனால் அவற்றின் மீதிருந்த உறுதி மட்டும் குறையவில்லை.

இந்த நினைவுகள் இத்தனை காலம் நிலைத்ததற்கு ரசிகர்களின் வயதும் ஒரு காரணம். முதியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரையிலான பகுதியில் அவை குவிந்திருப்பதை ரூபினும் சக ஆய்வாளர்களும் 1986 இல் சுட்டிக்காட்டினார்கள். 2008 இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் கேட்ரியோனா மாரிசனும் மார்ட்டின் கான்வேயும் பீட்டில்ஸ் தொடர்பான நினைவுகளை மட்டும் இணையம் வழியாகத் திரட்டியபோதும் பதின்ம வயது நினைவுகளே ஓங்கி நின்றன. முதன்முறையாக நிகழ்பவை அந்த வயதில்தான் அதிகம். ‘நான் யார்’ என்பதை ஒருவர் தமக்கே வகுத்துக்கொள்ளும் காலமும் அதுவே என்பதால், அப்போது விரும்பிய இசை தன் வரலாற்றின் பகுதியாகிவிடுகிறது. தன் வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் அதையும் சொல்ல நேர்கிறது, சொல்லச் சொல்ல அது வலுப்படுகிறது.

லிவர்பூலின் மேத்யூ தெருவிலிருந்த கேவர்ன் கிளப்பின் நினைவுகள் இவற்றிலிருந்து பெரிதும் வேறுபடுகின்றன. எனக்கு அவை இன்னும் சுவையானவையாகத் தோன்றுகின்றன. அது நிலத்தடிக் கிடங்கு ஒன்றில், செங்கல் வளைவுகளுக்குக் கீழே, காற்றோட்டமின்றி அமைந்த சிறிய இடம். 1961 முதல் 1963 ஆகஸ்ட் 3 வரை பீட்டில்ஸ் அங்கே இருநூற்றைம்பது முறைக்கு மேல் வாசித்தார்கள். மதிய உணவு வேளையிலும் நிகழ்ச்சி உண்டு. அருகிலிருந்த அலுவலகங்களின் இளம்பெண்கள் வந்து கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள். இங்கே பாட்டு நன்றாகவே கேட்டது. ஆனால் அடிக்கடி சென்றவர்களிடம் ஒரு குறிப்பிட்ட நாளில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்வது கடினம். ஒரே வகை நிகழ்வு திரும்பத் திரும்ப நேரும்போது, மூளை ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளாமல், ‘வழக்கமாக இப்படித்தான் இருக்கும்’ என்ற பொது வடிவமாகச் சுருக்கிக்கொள்கிறது. கேவர்ன் ரசிகர்களிடம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்த வடிவமே: படியிறங்கும்போது முகத்தில் அடித்த வெப்பம், சுவரில் வழிந்த ஈரம், கிருமிநாசினியும் வியர்வையும் கலந்து உடையில் ஏறி வீடுவரை வந்த வாடை. பிற புலன்களின் செய்திகள் தலாமஸ் என்னும் இடைநிலையத்தின் வழியாகவே மூளையின் மற்ற பகுதிகளுக்குச் செல்கின்றன. வாடை மட்டும், மூக்கிலிருந்து வரும் செய்தியை முதலில் பெறும் மூளைப்பகுதியான நுகர்குமிழிலிருந்து நேரே அமிக்டலாவையும் ஹிப்போகாம்பஸை ஒட்டிய பகுதிகளையும் எட்டுகிறது. அந்தக் கிளப் 1973 இல் மூடப்பட்டது. 1984 இல் பழைய செங்கற்களில் பலவற்றைக் கொண்டே மீண்டும் கட்டப்பட்டது. வளைவுகள் திரும்பி வந்தன, பழைய வாடை வரவில்லை. நினைவைக் கிளறும் மிக வலிய தூண்டுகோல் ஒன்று அங்கே இல்லாமலே போயிற்று.

1965 இல் 14 வயதாக இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டியவர். அவர்களிடம் நினைவுகளைக் கேட்டுப் பதிவுசெய்ய விரும்புவோர், மேலே கண்டவற்றை நடைமுறையில் கடைப்பிடிக்கலாம். படத்தையும் புகைப்படங்களையும் காட்டிவிட்டுக் கேட்கக் கூடாது. முதலில் கேட்டுப் பதிந்துகொண்டு பிறகு காட்டலாம். நண்பர்களைக் கூட்டமாக அமர்த்திக் கேட்டால் ஒருவர் சொன்னது மற்றவரின் நினைவாகிவிடும் என்பதால், தனித்தனியாகக் கேட்க வேண்டும். எந்தப் பாட்டை எப்படிப் பாடினார்கள் என்று தொடங்காமல், எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன உடுத்தியிருந்தீர்கள், திரும்பும்போது தொண்டை எப்படி இருந்தது என்று தொடங்குவது நல்லது. பாடிய வரிசையும் மேடைக் காட்சிகளும் வேறு சான்றுகளில் கிடைக்கும். இந்த விவரங்கள் எந்தக் கேமராவிலும் பதிவாகவில்லை.