போக்குவரத்து நெரிசல்: சொல் விளக்கம்

பேச்சில் 'டிராஃபிக் ஜாம்' என்றும் எழுத்தில் 'போக்குவரத்து நெரிசல்' என்றும் வழங்குவது ஒரே நிலையைத்தான். ஒரு சாலை தாங்கக்கூடிய அளவைவிட மிகுதியான வண்டிகள் ஒரே நேரத்தில் அதனுள் நுழைவதால், வேகம் குறைந்து, வரிசை நீண்டு, போய்ச் சேரும் நேரத்தை முன்கூட்டிச் சொல்ல இயலாமற்போகும் நிலை அது. பேச்சு வழக்கில் 'ஜாம்' என்பதுகூடத் தேவைப்படுவதில்லை. "பாண்டி பஜார் பக்கம் ஒரே டிராஃபிக்" என்றாலே பொருள் விளங்கிவிடுகிறது. வண்டிகளின் ஓட்டத்தைக் குறிக்க வந்த சொல், நம் வாயில் அந்த ஓட்டம் நின்றுபோனதைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

'டிராஃபிக்' 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் பொருள் வாணிகம் என்பதே. சரக்கை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசென்று விற்பதை அது குறித்தது. சாலையில் செல்லும் ஆட்களும் வண்டிகளும் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. போதைப்பொருள் கடத்தலுக்கு ஆங்கிலத்தில் இன்றும் அதே சொல் வழங்குவது அந்தப் பழைய வாணிகப் பொருளின் எச்சம். நெரிசலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கன்ஜெஷன்' என்பது 'ஒன்றாகக் குவித்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, உடலுறுப்பில் குருதி மிகுந்து தேங்குவதைக் குறிக்கும் மருத்துவச் சொல்லாக வழங்கி, பின்னர் தெருவுக்கு வந்தது.

தமிழில் 'போக்குவரத்து' என்பது போக்கும் வரத்தும் சேர்ந்த இணைச்சொல். இதற்கு நெருங்கிய பழைய இணை 'போக்குவரவு'. "போக்கும் வரவும் புணர்வும் இலாப் புண்ணியனே" என்று மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் பாடுவது பலருக்கும் நினைவிருக்கும். 'வரத்து' என்ற பாதியைத் தனியே எடுத்துக்கொண்டால் அது இன்றும் சந்தைச் சொல்தான். கோயம்பேட்டில் தக்காளி விலை ஏறினால் "வரத்து குறைவு" என்பார்கள். அணைக்கு நீர்வரத்து, சந்தைக்குச் சரக்கு வரத்து. ஆக, ஆங்கிலச் சொல் தன் வாணிகப் பொருளைப் பெரும்பாலும் உதறிவிட்டது. தமிழ்ச் சொல்லின் உள்ளே அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் போக்குவரத்துக் கழகம், போக்குவரத்துக் காவலர் என்று இரு வேறு துறைகளுக்கும் இந்த ஒரே சொல்லை நாம் பயன்படுத்துவதால், அது எந்த இடத்தில் பயண ஏற்பாட்டைக் குறிக்கிறது, எந்த இடத்தில் சாலையில் நகரும் வண்டிகளைக் குறிக்கிறது என்பதைச் சூழலைக் கொண்டே அறிய வேண்டியிருக்கிறது.

'நெரிசல்' என்பதற்கு வேர் 'நெரி'. விரி விரிசலாவதும் கரை கரைசலாவதும் போல நெரி நெரிசலாயிற்று. கழுத்தை நெரித்தல், விரலை நெரித்தல் என்னும் வழக்குகளில் இருப்பது அழுத்தி நசுக்கும் பொருள். கயிலை மலையின் கீழ் இராவணன் நெரிந்ததைத் தேவாரப் பதிகங்கள் திரும்பத் திரும்பப் பாடுகின்றன. எனவே நெரிசலில் வெறும் மிகுதி மட்டும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்று அழுந்துவதால் நேரும் துன்பமும் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் மிதிபட்டு உயிரிழப்பு நேரும்போது செய்தித்தாள்கள் 'கூட்ட நெரிசல்' என்று எழுதுவது இதனால்தான்.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. மக்கள் கூட்டத்துக்கும் வண்டிகளின் தேக்கத்துக்கும் நாம் ஒரே 'நெரிசல்' என்பதைச் சொல்லிப் பழகிவிட்டோம். கடைத்தெருவைப் பொறுத்தவரை இவை இரண்டும் நேரெதிரானவை. சென்னைத் தியாகராய நகரைப் பார்த்தால் இது தெளிவாகும். நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1920களில், குடியிருப்புப் பகுதியாக அமைக்கப்பட்டு, பிட்டி தியாகராயரின் பெயர் சூட்டப்பட்ட அவ்விடம், பின்னாளில் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் பாத்திரக்கடைகளும் நிறைந்த பெரும் வணிகப் பகுதியாயிற்று. மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிய ரங்கநாதன் தெருவில் கார் புகுவதற்கு இடமில்லை; ஆனால் ஆடித் தள்ளுபடிக் காலத்திலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் அங்கு நடக்கும் வியாபாரத்தைக் கண்டவர் எவரும் கூட்டத்தால் கடைக்கு இழப்பு என்று சொல்லமாட்டார். அருகிலுள்ள உஸ்மான் சாலையில் ஊர்ந்து செல்லும் வண்டிகளின் கதை வேறு. அவற்றுள் அமர்ந்திருப்பவர்களில் பலர் கடைக்கே வராதவர்கள். வருபவர்களோ வண்டி நிறுத்த இடம் தேடியே சலித்துப்போகிறார்கள். பகலில் சரக்கு வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும் தெருக்களில் லோடு இறக்குவது இரவுக்கும் விடியலுக்கும் தள்ளிப்போக, அதற்கான கூடுதல் கூலி கடைசியில் பொருளின் விலையில் ஏறுகிறது.

இந்த வேறுபாட்டைக் காணாமல் 'நெரிசலைக் குறைப்போம்' என்று புறப்படும்போது கைக்கு முதலில் கிடைப்பது மேம்பாலம். அது கடந்து செல்பவருக்கு உதவும். கடைக்கு வருபவருக்குப் பெரிதாக உதவாது, தூண்களுக்கு நடுவே மறைந்துபோன கடைக்காரருக்கு அறவே உதவாது. இதற்கு மாறான சிந்தனையில் எழுந்தது 2019 நவம்பரில் பாண்டி பஜாரில், அதாவது தியாகராயர் சாலையில், திறக்கப்பட்ட நடைபாதை வளாகம். வண்டிகளுக்கான அகலத்தைக் குறைத்து நடப்பவருக்கு இடம் கொடுத்த அந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு என்றாலும், கடைத்தெருவுக்கு வேண்டியது காலடிகள் என்பதை அது சரியாகப் புரிந்துகொண்டது. மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதையும் இவ்வகையைச் சேர்ந்ததே.

நெரிசல் முற்றினால் சந்தையே இடம்பெயரும். ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடியில் இருந்த மொத்தக் காய்கறிச் சந்தை, அத்தெருக்கள் லாரிகளைத் தாங்கமாட்டாமல், 1996இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. பாரிமுனைப் பகுதியில் இருந்த வெளியூர்ப் பேருந்து நிலையமும் 2002இல் அங்கேயே வந்து சேர்ந்தது. சந்தையையும் பேருந்தையும் சுற்றி விடுதிகளும் உணவகங்களும் கடைகளும் பெருகக் கோயம்பேடே நெரிசலுக்குப் பெயர்போன இடமாயிற்று. அதனால் வெளியூர்ப் பேருந்துகளுக்காக நகருக்குத் தெற்கே கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. வளர்ச்சி நெரிசலைக் கொண்டுவருவதும், நெரிசல் வளர்ச்சியை வேறிடத்துக்குத் தள்ளுவதும் முப்பது ஆண்டுக்குள் ஒரே நகரில் நடந்திருக்கின்றன.

சொல்லாட்சியைப் பொறுத்தவரை, சாலையில் வண்டிகள் அடைபட்டு ஊரும் நிலைக்கு 'வாகன நெரிசல்' என்பதே என் தேர்வு. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் இது இயல்பாகவே வழங்குகிறது. நாற்சந்தியில் எந்தப் பக்கமும் நகர முடியாமல் நின்றுவிடும் முழு அடைப்பை 'வாகன முடக்கம்' எனலாம். மக்கள் திரண்டிருப்பதை, எவருக்கும் ஊறு நேராதவரை, 'கூட்டம்' என்று மட்டும் எழுதினால் போதும். 'போக்குவரத்து நெரிசல்' என்பதை விலக்க வேண்டியதில்லை. பேருந்து, ரயில் பயணிகளின் நெருக்கடியையும் சேர்த்து ஒரு நகரின் பொதுநிலையைப் பேசும் இடத்தில் அது பொருந்தும். 'கன்ஜெஷன் சார்ஜ்' என்பதற்கு 'நெரிசல் கட்டணம்' என்பது நேரான பெயர். சிங்கப்பூர் 1975 முதலும் லண்டன் 2003 முதலும் நகர மையத்துள் நுழையும் வண்டிகளிடம் வசூலிப்பது அதைத்தான். அங்கே நடந்து வருபவரிடம் எவரும் கட்டணம் கேட்பதில்லை.