மண்டையை எவ்வளவு உருட்டலாம்? தலைத்தோலைக் கேளுங்கள்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பின்மண்டை சப்பையாக இருப்பது பள்ளி நாளிலிருந்தே அவருக்கு உறுத்தல். ஸ்கேன் எடுத்து, தன் மண்டைக்கென்றே அளவெடுத்துச் செய்த இம்ப்ளான்ட் (தோலுக்கடியில் பொருத்தும் செயற்கைத் துண்டு) வைத்துக்கொள்ளலாமா, எவ்வளவு தடிமன் வரை மூளைக்கு ஆபத்தில்லை என்று கேட்கிறார்.

மூளையைப் பற்றிய பயம் இங்கே இரண்டாம்பட்சம்தான். இம்ப்ளான்ட் எலும்புக்கு வெளியே உட்காருகிறது, உள்ளே அழுத்தாது. சி.டி. ஸ்கேனை வைத்துக் கணினியில் வடிவம் வரைந்து, திட சிலிக்கோனிலோ பீக் என்ற பிளாஸ்டிக்கிலோ செய்துவிடுகிறார்கள். எத்தனை தடிமன் கேட்டாலும் கணினி வரைந்து கொடுக்கும். போதும் என்று சொல்வது தலைத்தோல்.

உள்ளங்கையைத் தலையில் அழுத்தி முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். தோல் மொத்தமாக வழுக்கும். சரி, அதையே இரண்டு விரலால் கிள்ளித் தூக்குங்கள். கன்னத்தில் வருவதுபோல் வராது. காரணம் கேலியா என்ற நார்த்தகடு. நெற்றித் தசையையும் பிடரிக்கு மேலுள்ள தசையையும் இணைப்பது இதுதான். தோலும் அதன் அடியிலுள்ள கொழுப்பும் இதோடு இறுகப் பின்னியிருக்கின்றன. கேலியாவுக்குக் கீழே ஒரு தளர்ந்த அடுக்கு இருப்பதால் எல்லாம் சேர்ந்து வழுக்குகிறது. ஆனால் கேலியா தார்ப்பாய் மாதிரி, நகரும், நீளாது.

இப்போது கொஞ்சம் கணக்கு. தலையை 9 செ.மீ. ஆரமுள்ள அரைக்கோளம் என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் 1 செ.மீ. உயர்த்தினால் முன்னிருந்து பின்வரையான வளைவு 28.3 செ.மீ.யிலிருந்து 31.4 ஆகிறது. பரப்போ 23 சதவீதம் கூடிவிடுகிறது! அவ்வளவு தோலுக்கு எங்கே போவது? பின்மண்டையில் மட்டும், ஓரம் மெலிந்து முடியும் இம்ப்ளான்ட் என்றால் தேவை வெகுவாகக் குறையும். 1 செ.மீ. உயரத்துக்குத் தோல் ஏறக்குறைய 0.8 செ.மீ. கூடுதலாக நீண்டால் போதும். பெரும்பாலான தலைகள் இதைச் சமாளிக்கும். 2 செ.மீ.யை ஒரே அமர்வில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், கூடுதல் தோல் எங்கிருந்து வரும் என்று அவசியம் கேளுங்கள்.

இழுத்துத் தைத்துவிட்டால் என்ன கெட்டுவிடும்? தலைத்தோலின் ரத்தக் குழாய்கள் கேலியாவுக்கு நேர் மேலே, கெட்டியான நார்களுக்கு நடுவே ஓடுகின்றன. வெட்டுப்பட்ட குழாயைச் சுருங்கவிடாமல் நார்கள் பிடித்துக்கொள்வதால்தான் தலையில் சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் அப்படிக் கொட்டுகிறது. தோல் விறைத்தால் நுண்குழாய்கள் நசுங்கும். தையல் ஓரத்தில் முடி கொட்டும், பிறகு தையல் பிரியும், இம்ப்ளான்ட் வெளியே தெரியும், கிருமி புகும். கடைசியில் இம்ப்ளான்டையே எடுக்க வேண்டி வரும்.

நான் வியந்து நிற்பது அறுவை மருத்துவர்கள் இதற்குக் கண்ட வழியில். தோலைப் புரட்டி, உட்புறத்திலிருந்து கேலியாவில் மட்டும் இணையிணையாகக் கீறுகிறார்கள். ஒவ்வொரு கீறலுக்கும் ஒன்றிரண்டு மி.மீ. நீளம் கிடைக்கிறது. பத்துக் கீறல் போட்டால் ஒரு செ.மீ.யைத் தாண்டலாம். கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் எந்தக் குழாய்களைக் காப்பாற்ற இத்தனை பாடோ அவையே அறுந்துவிடும். அவ்வளவு மெல்லிய இடத்தில் கை நிற்க வேண்டும்.

அதுவும் போதாதென்றால் டிஷ்யூ எக்ஸ்பாண்டர். தோலுக்கடியில் பலூனை வைத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றுவார்கள். இழுபடும் தோலில் செல்கள் பிரிந்து நிஜமாகவே புதுத் தோல் வளரும். மயிர்க்கால்கள் மட்டும் பெருகாது. இருக்கிற முடி கூடுதல் பரப்பில் பரவிக்கொள்ளும்.

மண்டையைக் குறைப்பதற்கு எல்லை இன்னும் இறுக்கம். எலும்பின் வெளித்தகட்டைச் சில மி.மீ. வரை இழைக்கலாம், அவ்வளவுதான். நெற்றிப்பொட்டுப் பக்கம் எலும்பு மெல்லியது, எனவே ஸ்கேனில் அளக்காமல் கை வைக்கவே கூடாது.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அழுத்திவிட்டால் தலை உருண்டையாகும் என்ற நம்பிக்கை பெங்களூருத் தமிழ் வீடுகளிலும் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து பச்சைக் குழந்தையின் மண்டையை அழுத்தாதீர்கள். ஒரே பக்கமாகப் படுத்திருப்பதால்தான் பெரும்பாலும் சப்பை விழுகிறது. மல்லாந்து தூங்க வைப்பதே பாதுகாப்பு. தலை திரும்பும் பக்கத்தை மாற்றிவிட்டு, விழித்திருக்கும்போது பக்கத்திலேயே இருந்து குப்புறப் போட்டு விளையாட விட்டால் போதும்.

இதே தொழில்நுட்பம் அழகுக்காக மட்டும் வந்ததல்ல. ஓசூர் சாலையில் மூளை, நரம்பு, மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் வாசலில் நின்றால் பைக் விபத்தில் தலை அடிபட்டவர்களின் குடும்பங்களைப் பார்க்கலாம். மூளை வீங்கினால் மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து, நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியில் பத்திரப்படுத்தி, பிறகு பொருத்துவது நம் நாட்டில் வழக்கம். அந்தத் துண்டு கிருமி தாக்கியோ கரைந்தோ போய்விட்டால், அளவெடுத்துச் செய்த இம்ப்ளான்ட்தான் நல்ல மாற்று. விலையோ கூலித் தொழிலாளியால் எட்ட முடியாதது. அதை இங்கேயே மலிவாகச் செய்யும் ஆராய்ச்சிக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.